குழந்தையின் இருமலும் மருந்துப் புட்டியும்

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்து வீடுகளில் குழந்தைகளின் இருமல் ஓய்வதில்லை. ஒரு ஜலதோஷம் நீங்கிப் பத்து நாள் ஆகுமுன் மற்றொன்று சுரத்துடன் வந்து சேருகிறது. குழந்தையின் தேகத்தில் பலமே இல்லையோ என்று தாய்மார் கலங்குகிறார்கள். அவ்வளவு கலக்கம் வேண்டியதில்லை. பாலர் பள்ளியில் பத்துப் பேருடன் பழகத் தொடங்கிய குழந்தைக்கு ஆண்டில் ஆறு அல்லது எட்டு முறை ஜலதோஷம் காண்பது இயல்பே. வைரஸ் கிருமிகளால் வரும் இவை பெரும்பாலும் தாமே தணிந்துவிடும்.

பதற்றத்தில் நாம் வாங்கும் புட்டியில்தான் சில சமயம் ஆபத்து இருக்கிறது. 2025-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா முதலிய இடங்களில், சாதாரண இருமலும் சுரமும் கண்ட குழந்தைகள் இருபதுக்கு மேற்பட்டோர் சிறுநீரகம் செயலற்று மாண்டனர். அவர்களுக்குப் புகட்டப்பட்ட 'கோல்ட்ரிஃப்' மருந்து தயாரானது நமக்கு மேற்கேயுள்ள சுங்குவார்சத்திரத்தில்! தமிழ்நாட்டு அதிகாரிகள் சோதித்தபோது, அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் விஷம் 48.6 சதவிகிதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவோ 0.1 சதவிகிதமே. 1937-இல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றதும் இதே விஷந்தான்.

அந்த அக்டோபரிலேயே மத்திய சுகாதார அதிகாரிகள், இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல், ஜலதோஷ மருந்து கூடாதென்றும், ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாக அது வேண்டியதில்லையென்றும் அறிவித்தனர். வெதுவெதுப்பான நீரும், தாய்ப்பாலும், ஓய்வும் போதும். ஒரு வயது நிறைந்த குழந்தைக்குச் சிறிது தேன் தரலாம்; அதற்கு முன் கூடாது.

ஆயினும் அசட்டையும் ஆகாது. ஒரு வயதைக் கடந்த குழந்தை நிமிஷத்துக்கு 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சுவிட்டாலும், மூச்சிழுக்கையில் மார்பின் கீழ்ப்பாகம் உள்வாங்கினாலும், பால் குடிக்க இயலாமற் போனாலும் உடனே வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும். இரண்டு வாரம் கடந்தும் இருமலும் சுரமும் நீடித்து உடம்பு இளைத்தால், க்ஷயரோகம் உண்டா என்று சோதிப்பது அவசியம். 1928-இல் டாக்டர் சௌரி முத்து நிறுவிய தாம்பரம் சானடோரியம், இன்று அரசாங்க நெஞ்சக நோய் மருத்துவமனையாக நம் அருகிலேயே இருக்கிறது.

உலகின் பல நாடுகளுக்கு மருந்து அனுப்பும் தேசம் நம்முடையது. அப்பெருமை நிலைக்க வேண்டுமானால், ஒவ்வொரு புட்டியும் ஆலையை விட்டு வெளிவருமுன் சோதிக்கப்பட வேண்டும். அதைக் கேட்கும் உரிமை பிரஜைகளுக்கு உண்டு. வேண்டாத புட்டியை வாங்காதிருக்கும் விவேகமோ ஒவ்வொரு வீட்டிலும் இன்றே தொடங்கலாம்.