காளானும் மறதியும்

அம்மம்மாவுக்குச் சில மாதங்களாக நினைவு தடுமாறுகிறது. பேரப்பிள்ளைகளின் பெயர்களை மாற்றி அழைக்கிறார்; அடுப்பில் வைத்த பாலை மறந்துவிடுகிறார். காளான் மூளைக்கு நல்லதென்று யாரோ சொல்ல, வீட்டார் விலையுயர்ந்த காளான் மாத்திரைகளை வாங்க எண்ணியிருக்கின்றனர். வாங்கலாமா என்று கேட்டு மாணவி ஒருவர் எமக்கு எழுதியிருக்கிறார். இத்தகைய கடிதத்துக்குப் பொறுப்பின்றி மறுமொழி கூறலாகாது.

காளானுக்கு இப்புகழ் பெரிதும் சிங்கப்பூரிலிருந்து வந்தது. அங்குள்ள தேசியப் பல்கலைக்கழகத்தினர் 2011 முதல் 2017 வரை, 60 வயதும் அதற்கு மேலுமான 663 சீன முதியோரின் உணவையும் நினைவாற்றலையும் ஆராய்ந்து, 2019இல் முடிவை வெளியிட்டனர். வேளைக்கு 150 கிராம் அளவில் வாரம் இருவேளைக்கு மேல் சமைத்த காளான் உண்டவர்களிடம், வாரத்தில் ஒருமுறைகூட உண்ணாதவர்களைவிட, அறிவாற்றல் தளர்ச்சி காணப்படும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாக இருந்தது. இத்தளர்ச்சி, முதுமையின் இயல்பான மறதிக்கும் மறதிநோய்க்கும் இடைப்பட்டது.

இதற்குக் காரணமாயிருக்கலாமென ஆராய்ச்சியாளர் சுட்டும் பொருள் எர்கோதயனின். பிரான்சிய இரசாயனவியலாளர் தன்ரே 1909இல் இதனைக் கண்டறிந்தார். எமது உடல் இதனை உண்டாக்க வல்லதன்று. உணவால் மட்டுமே பெறுகிறது. ஆயினும் இதனை உயிரணுக்களுக்குள் கொண்டுசெல்ல உடலில் ஒரு தனிப் புரதமே இருப்பதாக 2005இல் தெரியவந்தது. தானே ஆக்க முடியாத ஒன்றுக்கு உடல் இவ்வாறு வாயில் அமைத்து வைத்திருப்பது வியப்பன்றோ? நாம் உண்பவற்றுள் இது மிகுதியாக உள்ளது காளானிலேயே.

எனினும் ஓர் ஐயம் உண்டு. மறதி தொடங்கிய முதியவர் சந்தைக்குச் செல்வதைக் குறைப்பார், சமையலையும் சுருக்கிக்கொள்வார். அப்போது காளான் குறைந்ததால் மறதி வந்ததா, மறதியால் காளான் குறைந்ததா? கணக்கெடுப்பு மட்டும் இதனைத் தீர்க்காது. மனச்சோர்வு பற்றி அமெரிக்காவில் 24,000க்கு மேற்பட்டோரின் விபரங்களைக் கொண்டு 2021இல் வெளிவந்த ஆய்வும் இத்தகையதே. காளான் உண்பவர்களிடம் மனச்சோர்வு குறைவாகவே காணப்பட்டது. ஆனால் கூடுதலாக உண்டவர்களுக்குக் கூடுதல் நன்மை தென்படவில்லை.

இனி மாத்திரைக்கு வருவோம். சிங்கத்தின் பிடரிமயிர் போலத் தொங்கும் ஒருவகைக் காளானைப் பொடியாக்கி, ஜப்பானியர் 2009இல் சோதித்தனர். சிறிதளவு மறதி கண்ட சுமார் 30 பேருள் பாதிப்பேருக்கு அம்மாத்திரையும், மற்றையோருக்கு வெறும் மாத்திரையும் 16 வாரங்கள் கொடுத்தனர். காளான் உண்டவர்கள் முன்னேறினர். நிறுத்தி நான்கு வாரங்களில் அம்முன்னேற்றம் குறையத் தொடங்கியது. முப்பது பேரைக் கொண்ட சோதனை நம்பிக்கை தரலாம். ஒரு குடும்பத்தின் மாதச் செலவைப் பணயம் வைக்கப் போதாது.

ஆகவே, முதலில் அம்மம்மாவை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். தைரொயிட் சுரப்பிக் குறைவு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியனவும் மறதியை உண்டாக்கும். இவற்றுக்குப் பரிகாரம் உண்டு. மாத்திரையை நம்பிக் காத்திருக்கும் மாதங்களில் அவை கவனிக்கப்படாமற் போகக்கூடும் என்பதே எமது கவலை.

காளான் கறி வைப்பதை நாம் தடுக்கவில்லை. மரத்தூளில் வளர்க்கும் சிப்பிக்காளான் எமது சந்தைகளிலும் கிடைக்கிறது. நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். மழைக்குப் பின் வளவில் முளைப்பவற்றை மட்டும் பறிக்க வேண்டாம். வெள்ளிக்காசு கறுக்காவிட்டால் நஞ்சில்லை என்பது வெறும் நம்பிக்கை. கொடிய நஞ்சுக் காளான்கள் சிலவற்றின் நஞ்சு கொதித்தாலும் அழியாது. ஆறு மணிநேரத்துக்குப் பின்னரே வாந்தி தொடங்கும். அதற்குள் நஞ்சு ஈரலை எட்டியிருக்கும்.

மாத்திரைப் போத்தல் இப்போதைக்குக் கடையிலேயே இருக்கட்டும். வைத்தியர் கூறியதை மாணவி எமக்கு எழுதுவாராயின் மகிழ்வோம்.