விதியா, சாலையா?

சாலையில் ஒருவர் அடிபட்டால் "எல்லாம் விதி" என்பார் ஒருவர், "பார்த்துப் போகக்கூடாதா?" என்பார் மற்றவர். இவ்விரண்டையும் ஏற்காமல் வாழ்நாளெல்லாம் வாதாடிய ஒரு பேராசிரியரை நம் தோழியர் அறிந்திருக்க வேண்டும். அவர் பெயர் தினேஷ் மோகன் (1945–2021).

மும்பை ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அந்நாட்டிலேயே வசதியாக இருந்திருக்கலாம்; 1979-இல் தில்லி ஐ.ஐ.டி.யில் பணியில் சேர்ந்தார். வடநாட்டுக் கிராமங்களில் தீவனம் வெட்டும் இயந்திரத்தில் சிறுவர்கள் விரல் இழப்பதை அவர் குழு ஆராய்ந்தது. "கவனமாக இரு" என்று புத்தி சொல்லி நிறுத்தாமல், இயந்திரத்தையே மாற்றியமைக்க வழி கண்டது. தீபாவளிப் பட்டாசுக் காயங்களைப் பற்றி மருத்துவர் மாத்யூ வர்கீசுடன் அவர் எழுதிய கட்டுரை, 1990-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. சிவகாசிப் பக்கத்தில் பிறந்த நமக்கு இது சற்றுக் கசக்கலாம். கசந்தாலும் படிக்க வேண்டியதே.

மனிதன் தவறுவது இயல்பு. தவறினாலும் உயிர் போகாதபடி சாலையையும் வண்டியையும் அமைப்பது பொறியாளர் கடமை என்பது அவர் கொள்கை. அவரும் பேராசிரியை கீதம் திவாரியும் வலியுறுத்திய முறையில், 2008-இல் தில்லியில் பேருந்துக்கெனத் தனித்தடமும் மிதிவண்டிப் பாதையும் திறக்கப்பட்டன. கார் வைத்திருப்போர் கொதித்தெழுந்தனர். 2016-இல் அதை இடித்தே விட்டார்கள்! குறைகள் இருந்தன என்பது மெய்தான், திருத்தியிருக்கலாமே. ஒரு பேருந்தில் ஐம்பது பேர், ஒரு காரில் பெரும்பாலும் ஒருவர் இருவர். யாருக்கு வழி விடுவது என்பதற்குப் பெரிய கணக்கு வேண்டுமா?

2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,000 பேருக்கு மேல் மாண்டனர். இத்தனை பேருக்குமா ஒரே விதி?

நம் மாவட்டத்தைப் பாருங்கள். விருதுநகரையும் சாத்தூரையும் ஒட்டி நான்குவழிச் சாலை ஓடுகிறது. விடிந்ததும் விடியாததுமாகப் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளுக்குப் பெண்கள் வேன்களில் நெருக்கியடித்துப் போகிறார்கள். மற்றவர் வண்டிகளுக்கு ஒதுங்கி ஓரத்து மண்ணில் நடக்கிறார்கள். அகலச் சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை நடந்து கடக்கிறவளையும் வரைபடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

பத்தாம் வகுப்பு முடித்து மேலே படிக்கும் நமக்கு அரசு விலையில்லா மிதிவண்டி தருகிறது. நன்றி. அதை ஓட்டிச் செல்ல, பள்ளிக்கு வரும் சாலைகளிலாவது லாரிகளிடமிருந்து பிரித்த ஒரு பாதை வேண்டும். நகராட்சியிடமும் நெடுஞ்சாலைத் துறையிடமும் இதைக் கேட்டு நம் வகுப்பு மாணவியர் மனு எழுதலாம் என்பது என் கருத்து.