முளையில் தெரியாத பயிர்

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது நம் முன்னோர் வாக்கு. பிள்ளை தவழ்ந்து எழும்பும் நாள் தொட்டு இந்தப் பழமொழியைக் கொண்டே அவனை அளந்து வருகின்றோம். பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் காலத்திலும், பாடசாலை அணிக்கு ஆட்களைத் தெரிவு செய்யும் காலத்திலும் இப்பழமொழிக்கு மவுசு கூடிவிடும். பட்டியலிலே பெயர் இருந்தால் முளை நன்று. பெயர் இல்லையேல் பயிரும் இல்லை என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிடுகின்றோம்.

முன்னோர் வாக்கைப் பொய்யென்று சொல்ல நாம் வரவில்லை. ஆயினும் பனங்கொட்டையின் முளையைச் சற்று எண்ணிப் பாருங்கள். மன்னார்த் தீவிலே வளர்ந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அம்முளை வெளியே தலைகாட்டுமுன் மண்ணுக்குள்ளே இறங்குகின்றது. பாத்தியைக் கிண்டிப் பார்த்தவனுக்கே அது முளைத்திருப்பது தெரியும். மேலே நின்று நோட்டம் பார்த்துச் செல்பவன், 'இங்கே ஒன்றுமில்லை' என்று குறித்துக்கொண்டு போய்விடுவான். அவ்வாறு குறித்துச் செல்லப்பட்ட இருவரின் கதையை இவ்வாரம் கூற எண்ணினோம். இருவரும் ஹொக்கி வீரர்கள். இருவரும் முன்னணியில் நின்று கோல் தேடும் ஆட்டக்காரர்கள். ஒருவர் ஆடியது பனிக்கட்டித் தளத்தின் மேல். மற்றவர் ஆடியது மண்ணிலும் புல்லிலும்.

ஐஸ் கட்டியை மீன் பெட்டியிலன்றி வேறெங்கும் அதிகம் காணாத நம் கீரி வாசகர்களுக்குப் பனி ஹொக்கி புதிதாகத் தோன்றலாம். உறைந்த தளத்தின் மேல், கத்தி பொருத்திய சப்பாத்துகளுடன் வழுக்கி ஓடி, தட்டையான கறுப்பு றப்பர் வட்டொன்றைக் கோலால் அடித்து வலைக்குள் செலுத்தும் ஆட்டம் அது. கனடாவிலே சிறுவர்கள் அதற்காக உயிரையே விடுவர். அங்கும் ஐக்கிய அமெரிக்காவிலும் உள்ள பெருங் கழகங்கள் சேர்ந்தமைத்த தேசிய ஹொக்கி லீக், 1963 ஆம் ஆண்டு தொடக்கம் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டு வருகின்றது. ஆண்டுக்கொரு முறை கழகங்கள் யாவும் இதிற் பங்குகொள்ளும். முறை வைத்து, ஒவ்வோர் இளைஞனாகப் பெயர் சொல்லித் தமக்கென ஒதுக்கிக்கொள்ளும். பெயர் சொல்லப்படுவோருட் பெரும்பாலோர் பதினெட்டு வயதினர். இருநூறுக்கு மேற்பட்ட பெயர்கள் ஒலித்ததும் தெரிவு முடிந்துவிடும். பெயர் ஒலிக்காதவனுக்குக் கதவு முற்றாக மூடப்படவில்லை என்று விதி சொல்லும். அனுபவமோ வேறு சொல்லும்.

கியூபெக் மாகாணத்து லாவால் நகரில் 1975 இல் பிறந்த மார்ட்டின் சென் லூயி என்பவர் அவ்வாறு பெயர் ஒலிக்காமல் நின்றவர். அவரது உயரம் 5 அடி 8 அங்குலம். ஆளை ஆள் மோதித் தள்ளும் அந்த ஆட்டத்துக்கு இவ்வுடல் போதாது என்று எண்ணினர். அவர் வெர்மொண்ட் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து நான்கு ஆண்டுகள் அதன் அணிக்கு ஆடினார். படிப்பு முடிந்த பின்னும் பெருங் கழகம் எதுவும் அழைக்காமையால், சிறிய லீக் ஒன்றிற் கூலிக்கு ஆடப் போனார். 1998 இல் கல்கரி ஃபிளேம்ஸ் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2000 இல் கைவிட்டது. அதே ஆண்டு புதிதாக லீக்கில் இணையவிருந்த இரு கழகங்கள், ஏனைய கழகங்கள் விட்டுக்கொடுத்த ஆட்டக்காரர்களிலிருந்து ஆள் பொறுக்கின. அவையும் அவரைத் தொடவில்லை. தம்பா பே லைட்னிங் என்ற கழகம் அவரை எடுத்தபோது அவருக்கு வயது 25.

நான்கு ஆண்டுகள் சென்றன. 2003-2004 பருவத்தில் லீக் முழுவதிலும் அதிக புள்ளிகளைப் பெற்றவர் அவரே, புள்ளிகள் 94. சிறந்த வீரருக்குரிய ஹார்ட் விருதும் அவருக்கே கிடைத்தது. அவ்வாண்டு ஸ்டான்லிக் கிண்ண இறுதிச் சுற்றிலே தம்பா பேக்கு எதிரே நின்ற கழகம் எது தெரியுமா? அவரைக் கைவிட்ட கல்கரி. ஆறாவது ஆட்டம் கல்கரியின் சொந்த அரங்கில் நடந்தது. அதில் தோற்றிருந்தால் தம்பா பேயின் கதை முடிந்திருக்கும். மேலதிக நேரமும் ஒரு முறை கழிந்து இரண்டாவது முறை தொடங்கியபோது, வெற்றிக் கோலை அடித்தார் சென் லூயி. ஏழாவது ஆட்டத்தையும் வென்று அக்கழகம் தன் வரலாற்றில் முதன்முறையாகக் கிண்ணத்தை ஏந்தியது. 2013 இல், 37 வயதில், அவர் மீண்டும் புள்ளிப் பட்டியலில் முதல்வரானார். 2015 இல் ஓய்வு பெறும்போது அவர் அடித்த கோல்கள் 391. பிறர் கோல் அடிக்க உதவியவை 642. 2018 இல் ஹொக்கிப் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடமளித்தனர்.

இது தொலைதேசத்துக் கதை. தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்த மற்றவரின் கதை இதனிலும் நமக்கு நெருக்கமானது.

புனே நகரின் அருகே காட்கி என்றோர் இடமுண்டு. ஆங்கிலேயர் அதனைக் 'கிர்க்கி' என்றழைத்தனர். நம் கீரியின் பெயர் காதில் விழுவது போலவே இருக்கும். அங்கே படைக்கலத் தொழிற்சாலையில் மைதானத்தைப் பராமரிக்கும் ஊழியராக இருந்தவர் நாகலிங்கம் பிள்ளை என்ற தமிழர். அவருக்கும் ஆண்டாளம்மாவுக்கும் நான்காவது மகனாக 1968 ஜூலை 16 ஆம் நாள் பிறந்தவர் தன்ராஜ் பிள்ளை. சம்பளமோ சிறிது, குடும்பமோ பெரிது. ஹொக்கிக் கோல் வாங்க வழியில்லை. முறிந்ததென்று பிறர் எறிந்த கோல்களைக் கயிற்றால் இறுகக் கட்டி, வீசப்பட்ட பந்துகளைப் பொறுக்கி, சகோதரர்கள் ஆடினர். முகமது ஷாகித் என்ற பெருவீரரின் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்துத் தன்ராஜ் பழகினார்.

அந்நாட்டில் ஹொக்கிக்கு வட அமெரிக்காவைப் போன்ற தெரிவுக் கூட்டம் இருக்கவில்லை. ஆனாற் பட்டியல்கள் இருந்தன. நகர அணிக்கு ஒரு பட்டியல், மாநில அணிக்கு ஒரு பட்டியல், தேசிய அணிக்கு ஒரு பட்டியல். மைதான ஊழியரின் மகனைத் தேடிக்கொண்டு அப்பட்டியல்கள் காட்கிக்கு வரவில்லை. அவருக்கு வழி திறந்தவர் அண்ணன் ரமேஷ். பம்பாயில் லீக் ஆட்டங்களில் ஆடிக்கொண்டிருந்த ரமேஷ், தம்பியைத் தன்னிடம் அழைத்துக்கொண்டார். அங்கே மகிந்திரா நிறுவனத்தின் அணியில் இடம் கிடைத்தது. ஒலிம்பிக் வீரராயிருந்த ஜோக்கிம் கார்வாலோ பயிற்சியளித்தார். 1989 இல் புதுடில்லியில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டியில் தன்ராஜ் இந்தியாவுக்காகக் களமிறங்கினார்.

அதன்பின் பதினைந்து ஆண்டுகள் அவர் ஓடிய ஓட்டம் சாதாரணமானதன்று. ஒலிம்பிக் போட்டிகள் நான்கு, உலகக் கிண்ணங்கள் நான்கு, ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நான்கு, சாம்பியன் கிண்ணங்கள் நான்கு என அவர் ஆடிய சர்வதேச ஆட்டங்கள் 339. 1994 இல் சிட்னியில் நடந்த உலகக் கிண்ணத்தின் பின் அறிவிக்கப்பட்ட உலக அணியில் இடம்பெற்ற ஒரே இந்தியர் அவரே. ஹொக்கியிலே கழகச் சம்பளம் அரிதாயிருந்த காலத்தில், ஜெர்மனி, பிரான்ஸ், இங்கிலாந்து, மலேசியா, வங்காளதேசம் என்று நாடு நாடாகச் சென்று கழகங்களுக்கு ஆடி உழைத்தார்.

1998 இல் பாங்கொக் ஆசிய விளையாட்டுப் போட்டிக்குத் தலைவராகச் சென்றார். இறுதியாட்டத்தில் தென் கொரியாவைத் தண்ட அடிகளில் வென்று இந்தியா தங்கம் பெற்றது. 1966 இற்குப் பின், 32 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த தங்கம் அது. ஊர் திரும்பியபின் நடந்ததென்ன? அடுத்த தொடருக்கான பட்டியல் வெளியாயிற்று. அதில் வெற்றித் தலைவரின் பெயர் இல்லை. அவருடன் இன்னும் ஆறு மூத்த வீரர்களும் விடுபட்டனர். அவர்களுக்கு ஓய்வளிக்கப்பட்டது என்று அதிகாரிகள் விளக்கம் கூறினர். வீரர்களுக்குரிய படிப்பணத்தைப் பற்றி வாய்திறந்ததற்குக் கிடைத்த தண்டனை என்றே மக்கள் பலரும் பேசிக்கொண்டனர்.

வாசகர்களே, இவ்விடத்திற் சற்று நில்லுங்கள். அறியாத சிறுவனைப் பட்டியல் தவறவிடுவது ஒன்று. தங்கம் கொண்டுவந்தவனையே தவறவிடுவது இன்னொன்று. பட்டியல் என்பது திறமையை மாத்திரம் பார்ப்பதில்லை. எழுதுபவரின் கண்ணும், மனமும், அன்றைய காற்றும் அதிலே கலந்திருக்கும். இதனை அறிந்துகொண்டவன் பட்டியலைக் கண்டு தலைகால் தெரியாமல் ஆடவும் மாட்டான்; இடிந்து விழவும் மாட்டான்.

தன்ராஜ் இடிந்து விழவில்லை. கோபம் வந்தது, அழுகை வந்தது, அவற்றை அவர் ஒளித்ததுமில்லை. ஆனாற் கோலைக் கீழே வைக்கவில்லை. அணிக்கு மீண்டார். 2000 இல் சிட்னி ஒலிம்பிக்கில், ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருக்கையிற் போலந்து கோல் அடித்துச் சமன் செய்தமையால், இந்தியாவின் அரையிறுதி வாய்ப்புப் பறிபோயிற்று. அதன் பின்னரும் ஆடினார். 2002 இல் கொலோன் நகரிலே நடந்த சாம்பியன் கிண்ணப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் அவரே. 2003 இல், 35 வயதில், கோலாலம்பூரில் பாகிஸ்தானை வென்று ஆசியக் கிண்ணத்தைத் தலைவராக ஏந்தினார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குடன் அவரது ஒலிம்பிக் பயணம் முடிந்தது. ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட அவர் கழுத்தில் ஏறவில்லை.

மற்றொன்றும் கூறவேண்டும். பனித் தளத்தில் ஆடிய சென் லூயியின் கோல் எத்தனை, உதவி எத்தனை என்று ஒன்றுவிடாமற் கணக்குண்டு. தன்ராஜ் அடித்த கோல்கள் எத்தனை என்பதற்கு அதிகாரபூர்வமான கணக்கே கிடையாது. அவ்வாட்டத்தை நடத்தியவர்கள் அதனைக் குறித்துவைக்கவில்லை. எண்ணப்படாத கோல்களும் கோல்களே என்பதை, அவற்றைக் கண்டவர்கள் அறிவர்.

நம் வடபுலத்திலும் அண்மையில் ஓர் உதாரணம் கண்டோம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவராயிருந்த விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020 டிசம்பரில் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காகச் சுழற்பந்து வீசி, அஞ்சலோ மத்யூசை முதல் விக்கெட்டாக வீழ்த்தினார். 2024 இந்தியப் பிரீமியர் லீக் ஏலத்தில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. ஹைதராபாத் அணி எடுத்த வனிந்து ஹசரங்க காயத்தினால் வரமுடியாமற் போகவே, பதிலாளாக அழைப்பு வந்தது. மே மாதம் 8 ஆம் நாள் அவர் அந்த மைதானத்தில் நின்றார். அழைப்பு வரும் நாளில் ஆயத்தமாக இருந்தமையே அவருக்குத் துணையாயிற்று.

இவற்றைக் கேட்டு, 'பட்டியலில் இல்லாதவரெல்லாம் வாகை சூடுவர்' என்று எவரும் முடிவு கட்ட வேண்டா. அது பொய்யான ஆறுதல். பெயர் விடுபட்டோருட் பெரும்பாலோர் விடுபட்டவராகவே மறைந்து போகின்றனர். அவர்களிடம் திறமை இருக்கவில்லை என்பதல்ல. இரண்டாம் முறை பார்க்க ஒருவரும் வரவில்லை. சென் லூயிக்கு ஒரு பல்கலைக்கழகமும் தம்பா பேயும் வாய்த்தன. தன்ராஜுக்கு ஓர் அண்ணன் வாய்த்தார். அத்தகைய ஒருவர் வாய்க்காத பிள்ளைகள் எத்தனை பேர்? இக்கேள்வி பிள்ளைகளை நோக்கியதன்று. பெரியவர்களாகிய நம்மை நோக்கியது.

உதைபந்தாட்டம் மன்னார் மக்களின் இரத்தத்தில் ஊறியது. கீரிக் கரையிற் பந்துதைக்கும் சிறுவருள், 'இவன் கட்டையன், முன்னுக்கு நின்று தாக்குப்பிடிக்க மாட்டான்' என்று ஓரத்தில் நிறுத்தப்படுபவன் எவனோ, அவனை மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை இறக்கிப் பார்த்தால் நமக்கு என்ன குறைந்துவிடும்? அணிப் பட்டியலைப் பென்சிலால் எழுதுங்கள் என்று பயிற்றுநர்களை வேண்டுகின்றோம். மையால் எழுதினால் மாற்ற மனம் வராது.

பெற்றோருக்கும் ஒரு சொல். உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளிக்குச் சிறிது கீழே பிள்ளை நின்றுவிட்டால், வீடு இழவு வீடாகிவிடுகின்றது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெயர் சாப்பாட்டு வேளையிலும் ஒலிக்கின்றது. அந்நேரத்திலே வேண்டியது ரமேஷ் போன்ற ஓர் அண்ணன். திறந்த பல்கலைக்கழகம் உண்டு, தொழில்நுட்பக் கல்லூரி உண்டு, வெளிவாரிப் பட்டம் உண்டு, கைத்தொழில் உண்டு. 'என்னோடு வா, இந்த வழியையும் பார்ப்போம்' என்று கைபிடித்துச் செல்பவரே இல்லாதிருப்பதுதான் குறை.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு நாம் சொல்வது சிறிது. பட்டியல் உங்களைக் காணாத காலமும் உங்களுடைய காலமே. முறிந்த கோலைக் கயிற்றாற் கட்டி ஆடியவன், புதுக்கோல் கையில் வந்த நாளில் ஆடக் கற்கத் தொடங்கவில்லை; ஏற்கெனவே கற்றிருந்தான். மேலே ஒன்றும் தெரியாத நாட்களில் மண்ணுக்குள்ளே இறங்கிக்கொண்டிருங்கள். பெரியவர்களாகிய நாமும், பாத்தியை ஒருமுறை கிண்டிப் பார்க்காமல் 'ஒன்றுமில்லை' என்று எழுதாதிருக்கப் பழகிக்கொள்வோம்.