டெர்னாவை அழித்தது விதியா?

பெருங்கேடு நேர்ந்தவுடன் பொறுப்பில் இருப்பவர்கள் முதலில் தேடுவது தாம் மறைந்துகொள்ள ஒரு சொல்லை. ‘இயற்கையின் சீற்றம்’ என்பார்கள், ‘விதி’ என்பார்கள். லிபியாவில் நடந்ததும் அதுவே.

2023 செப்டம்பர் 10-ஆம் நாள் ‘டானியல்’ புயல் அந்நாட்டின் கிழக்குக் கரையைத் தாக்கிற்று. அல்பைதா நகரில் ஒரே நாளில் 414 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மறுநாள் விடியுமுன் டெர்னா நகருக்கு மேலிருந்த இரண்டு அணைகளும் உடைந்தன. மழை பெய்தால் மட்டும் நீரோடும் பள்ளத்தாக்கை அரபு மொழியில் ‘வாதீ’ என்பர். அத்தகைய வாதீ ஒன்று உறங்கிய மக்களை வீடுகளோடு வாரிக் கடலில் எறிந்தது. மாண்டோர் பல்லாயிரவர். கிழக்கு லிபிய நாடாளுமன்றத் தலைவர் அகீலா சாலிஹோ, இணையற்ற இயற்கைப் பேரிடர் இது என்று கூறி, அலட்சியம் என்ற குற்றச்சாட்டை மறுத்தார்.

‘புயல் என்றுமே இருந்ததுதானே?’ என்று கேட்போர் உளர். இருந்தது, யார் மறுத்தார்? புவி சூடேறுவதால் புயல்களின் எண்ணிக்கை பெருகும் என்று அறிஞர் கூறவில்லை. வரும் புயல்களுள் கடுமையானவற்றின் பங்கு மிகும் என்றே கூறுகின்றனர். காற்று ஒரு பாகை சூடேறினால், அது ஏந்தக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. சூடான கடல் அந்த நீராவியை வாரி வழங்குகிறது. 2023 கோடையில் மத்தியதரைக் கடல் வழக்கத்தை மிஞ்சிச் சூடேறியிருந்தது. முதலில் கிரேக்க நாட்டை மூழ்கடித்த டானியல், அக்கடலைக் கடக்கையில் வலுப்பெற்று லிபியாவை அடைந்தது. புவி வெப்பத்தால் அங்கு இத்தகைய பெருமழைக்கான வாய்ப்பு 50 மடங்கு வரை பெருகியிருக்கலாம் என்று பன்னாட்டு அறிவியலாளர் குழு ஒன்று அதே மாதத்தில் கணித்தது. அக்கணிப்பில் ஐயத்திற்கு இடம் மிகுதி என்பதையும் அவர்கள் ஒளிக்கவில்லை. அறிவின் நேர்மை அது.

‘அப்படியானால் எல்லாம் பருவநிலை மாற்றத்தின் குற்றம், எங்கள் மேல் பழியில்லை’ என்று ஆட்சியாளர் தப்பலாமா? ஒருபோதும் இயலாது! அவ்வணைகள் 1970-களில் கட்டப்பட்டவை. செப்பனிட 2007-இல் ஒப்பந்தம் செய்தார்கள். 2010-இல் தொடங்கிய வேலை 2011-இன் கலகத்தோடு நின்றது. அதன்பின் பணம் ஒதுக்கியும் பணி நடவாததை 2021-இல் அரசுத் தணிக்கையே சுட்டிக் காட்டியது. பெருவெள்ளம் வந்தால் பேரழிவு நேரும் என்று 2022-இல் லிபிய நீரியல் அறிஞர் ஒருவர் எழுதி எச்சரித்தார். கேட்கச் செவி இல்லை. 2024 ஜூலையில் நீதிமன்றம் அதிகாரிகள் 12 பேருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. விதியைச் சிறையில் அடைக்க முடியுமா? மனிதரின் பிழை அங்கே இருந்தது, அதனால்தான் தண்டனை.

ஆக, கடலைச் சூடேற்றியதும் மனிதர் செயலே; அணையைக் கைவிட்டதும் மனிதர் செயலே. முன்னதில் பெரும்பங்கு, நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வளம் கண்ட செல்வ நாடுகளுடையது. பின்னது உள்நாட்டு ஆட்சியாளருடையது. ஒருவர் குற்றத்தைக் காட்டி மற்றவர் தப்புவதற்கு நாம் இடம் தரலாகாது. வெப்பம் மிகுந்த உலகில் பழைய மழைக் கணக்கை நம்பி நிற்கும் ஒவ்வோர் அணையும் ஐயத்திற்குரியது. பழுதுற்ற அணையோ இருமடங்கு ஐயத்திற்குரியது.

‘தவக்குல்’ என்னும் சொல்லைச் சோம்பலுக்குப் போர்வையாக்குவோர்க்கு ஒரு வார்த்தை: செய்ய வேண்டியதைச் செய்து முடித்தபின் முடிவை இறைவனிடம் ஒப்படைப்பதே அதன் பொருள். செய்யாமல் விட்டதை அவன்மேல் சுமத்துவது தவக்குல் அன்று; அவதூறு.