அடுத்த மாடலுக்காகக் காத்திருப்பது
புதிய மாடல் வரட்டும் என்று மடிக்கணினி வாங்குவதைத் தள்ளிப்போடுவது நிக்கோபாரின் கட்சால் தீவு மாணவருக்குப் பொருந்தாத யோசனை. ஆப்பிளின் மேக்புக் ஏர் வரிசையில் எம்1 2020 நவம்பரிலும், எம்2 2022 ஜூலையிலும், எம்3 2024 மார்ச்சிலும், எம்4 2025 மார்ச்சிலும் சந்தைக்கு வந்தன. முதல் இரு இடைவெளிகளும் 20 மாதம், அடுத்தது 12 மாதம்தான். இதை வைத்து ஆரூடம் சொல்ல வழியில்லை. புதியது வந்தால் பழையதன் விலை இறங்குமே என்பார்கள். உண்மைதான், ஓடுகிற கணினி ஏற்கெனவே கையில் இருப்பவர் அதற்காகப் பொறுத்திருக்கலாம். ஒன்றுமே இல்லாதவருக்கு அத்தனை மாதப் படிப்பு போய்விடும். மாடலைவிட இங்கே பெரிய கவலை இணைய இணைப்பு. 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சென்னை-அந்தமான் கடலடிக் கேபிள் கரையேறிய இடங்களில் பக்கத்துத் தீவான கமோர்ட்டா உண்டு, கட்சால் இல்லை. இலங்கையிலிருந்து கட்சாலின் ரப்பர் தோட்ட வேலைக்கு வந்து குடியேறிய தமிழர்களின் பிள்ளைகளுக்கு, பாடக் காணொளி தடையின்றி ஓட நல்ல இணைப்பு வேண்டும். ஊர் கூடிக் கேட்க வேண்டியது அதைத்தான்.