சுற்றுலா விசாவில் போன தாய்மார்

எல்லப் பக்கம் மாலை நேரத்தில் போனால் ரயில் பாதையோரமாகக் கைகோத்து நடக்கும் வெளிநாட்டுச் சோடிகளைக் காணலாம். எல்லோரும் தேனிலவுக்காரர் அல்லர். நாற்பதைத் தாண்டிய கணவன் மனைவியரும் வருகிறார்கள். பிள்ளைகளைப் பாட்டன் பாட்டியிடம் விட்டுவிட்டு, ஒரு வாரம் தாங்கள் இருவராக மட்டும் இருந்துவிட்டுப் போக வந்தவர்கள்.

இந்தப் பழக்கம் நம்மவரிடமும் வந்துவிட்டது. கொழும்பிலும் ரொறன்ரோவிலும் வசதியாக உள்ள இளம் பெற்றோர் மாலைதீவுக்கும் பாங்கொக்குக்கும் சோடியாகப் பறந்து படம் போடுகிறார்கள். படத்தைப் பார்த்ததும் சொந்தக்காரரிடமிருந்து ஒரு கேள்வி வரும்: "பிள்ளையளை ஆரிட்ட விட்டிட்டுப் போனவை?"

பதுளை மாவட்டத் தோட்டங்களிலும் அதே கேள்வி கேட்கப்படுகிறது. ஆனால் அங்கே கேட்பது மாமியோ சித்தியோ அல்ல, பிரதேச செயலகம். கேட்கப்படுவதும் சோடியிடம் அல்ல, மனைவியிடம் மட்டும். ஏனென்றால் இந்தத் தோட்டங்களில் பிள்ளைகளை விட்டு வெளிநாடு போவது என்றால் ஒருவர் தனியாக, பெரும்பாலும் தாய், குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டு வேலைக்குப் போவதுதான்.

அந்தக் கேள்வி சட்டமான கதையை நினைவுபடுத்த வேண்டும். 2013 ஜனவரியில் மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக் சவூதி அரேபியாவில் தலை துண்டிக்கப்பட்டார். கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி அனுப்பப்பட்ட சிறுமி அவர். அந்தக் கொந்தளிப்பு அடங்குமுன், அதே ஆண்டின் நடுப்பகுதியில் குடும்பப் பின்னணி அறிக்கை நடைமுறைக்கு வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக முடியாதிருந்தது. பிள்ளைகள் அதற்கு மூத்தவர்களாக இருந்தால் யார் பார்த்துக்கொள்வார் என்று காட்ட வேண்டியிருந்தது. கணவனின் சம்மதமும் தேவைப்பட்டது. றிசானா திருமணமே ஆகாதவர். குற்றம் வயதைத் திருத்தி அனுப்பியவர்களுடையது. விதி விழுந்ததோ தாய்மாரின் தலையில். வெளிநாட்டு வேலைக்குப் போகும் தந்தைக்கு அப்படி ஓர் அறிக்கை கிடையாது. உல்லாசமாகப் போய்வரும் பெற்றோருக்கும் கிடையாது.

2022இல் நாட்டில் டொலர் தீர்ந்தபோது இந்த விதிகள் தளர்த்தப்பட்டன. பணிப்பெண்ணாகப் போவதற்கான குறைந்தபட்ச வயதும் 21 ஆக்கப்பட்டது. பிள்ளைகளின் நலன் மத்திய வங்கியின் கையிருப்போடு சேர்ந்து ஏறி இறங்குமா என்று கேட்கத் தோன்றுகிறது.

அதே 2022இன் இறுதியில் ஓமான் விவகாரம் வெளியே வந்தது. இலங்கைப் பெண்கள் சுற்றுலா விசாவில் ஏற்றிச் செல்லப்பட்டு அங்கே வீட்டு வேலைக்கு விற்கப்பட்டிருந்தார்கள். வேலைக்கான விசா என்றால் பணியகத்தில் பதிவு, அறிக்கை, விசாரணை எல்லாம் உண்டு. சுற்றுலா விசாவில் போனால் இவற்றைத் தவிர்த்துவிடலாம் என்பது முகவருக்குத் தெரியும். ஒரு சோடிக்கு ஓய்வு தரும் அதே கடதாசி இன்னொரு பெண்ணை எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இன்னொருவர் வீட்டுக்குள் தள்ளிவிடும்.

சரி, கணவனும் மனைவியுமாக ஏன் போவதில்லை? வளைகுடாவில் வீட்டோடு தங்கி வேலை செய்யும் பெண்ணுக்குக் கணவனை அழைத்துக்கொள்ள வழியில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்பத்தை அழைக்க வேண்டுமானால் மாதச் சம்பளம் 4000 திர்ஹமாவது வேண்டும், அல்லது 3000 திர்ஹமும் தங்குமிடமும். பணிப்பெண்ணின் சம்பளம் அதற்குக் கிட்டவும் வராது. ஒப்பந்தம் வழக்கமாக இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் திருமணம் வாட்ஸ்அப்பில்தான் நடக்கும்.

ஊரிலே இருந்தாலும் கணவன் மனைவிக்குத் தனிமை எங்கே இருக்கிறது? லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் மாமனார், மாமியார், வளர்ந்த பிள்ளைகள், சில வீடுகளில் கல்யாணமான தம்பியும். இடையில் தொங்குவது ஒரு பழைய சேலை. பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். மலையகக் குடும்பங்களின் பிரச்சினை என்றால் குடி, அடிதடி, இளவயதுத் திருமணம் என்று பட்டியல் போடும் கருத்தரங்குகள் இந்தச் சேலையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

மூன்று நாள் எங்காவது போய்வரலாமென்றால் கணக்கு வேறு இடிக்கிறது. நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1350 ரூபாவானது. 2026க்கான வரவுசெலவுத் திட்டத்தில் அரசின் 200 ரூபா வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1750 என்று அறிவிக்கப்பட்டது. இருவருமே தோட்டத்தில் வேலை செய்து, மூன்று நாள் பெரட்டுக்குப் போகாவிட்டால் 10,500 ரூபா போகும். பஸ் காசு அதற்குப் பிறகுதான். ஆகவே ஊவாத் தோட்டத்துச் சோடி அதிகம் போனால் துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்குப் போகும், அல்லது பிள்ளைகுட்டி, சட்டிபானையோடு கதிர்காமத்துக்கு. அங்கே திருவிழா இரவுகளில் முருகன் மட்டும் வள்ளியம்மன் கோயிலுக்கு ஊர்வலமாகப் போய்வருகிறார். ஊவாவில் மனைவியைத் தேடிப் புறப்பட வசதியுள்ளவர் அவர் ஒருவரே.

டொலர் கணக்கையும் பார்க்கலாம். 2024இல் தேயிலை ஏற்றுமதி ஏறத்தாழ 1.4 பில்லியன் டொலர் கொண்டுவந்தது. உல்லாசப் பயணத்துறை 3.1 பில்லியனைத் தாண்டியது. வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பியது 6.5 பில்லியனுக்கு மேல். கொழுந்து பறிப்பவர், எல்லயில் வெள்ளைக்காரச் சோடியின் கட்டிலுக்கு விரிப்பு மாற்றுபவர், குவைத்திலிருந்து காசு அனுப்புபவர், இந்த மூவரும் ஒரே லயத்தில், சிலவேளை ஒரே காம்பராவில் வளர்ந்த அக்கா தங்கைகளாக இருப்பார்கள்.

பிரிவு இந்த மக்களுக்குப் புதிதல்ல. 1948இல் குடியுரிமை போனது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்று எழுதியது. அவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோன ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. 1977க்கும் 1983க்கும் பிறகு இன்னும் பலர் வன்னிக்கு ஓடினார்கள். 2009இல் மீண்டும் எல்லாவற்றையும் இழந்தவர்களில் அவர்களும் உண்டு. கணவன் இல்லாமலோ காணாமல் ஆக்கப்பட்டோ தனித்து நின்ற வன்னித் தாய்மார் சிலரும் அதே வளைகுடா விமானத்தில்தான் ஏறினார்கள். வடக்கு வாசகருக்குப் பதுளை தூரமான ஊரல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தாய் போன வீட்டில் பிள்ளைகள் படும் பாடு பொய்யல்ல. பள்ளிக்கூடம் நின்றுபோன பிள்ளைகள் உண்டு. அதைவிட மோசமாக நடந்ததும் உண்டு. ஆனால் அதற்குப் பதில் தாயைத் தடுப்பதென்றால் அவர் ஓமான் வழியில் போவார். பிள்ளைமடுவத்தின் ஆயம்மா கைக்குழந்தைகளைத்தான் பார்ப்பார். பள்ளி விட்டு வரும் பத்து வயதுப் பிள்ளைக்குத் தோட்டத்தில் யாருமில்லை. அந்த ஏற்பாட்டைச் செய்யும்படி கம்பனிகளிடமும், பிள்ளைகளைப் பொறுப்பேற்கும்படி தந்தையிடமும் பிரதேச செயலகம் ஒருபோதும் அறிக்கை கேட்டதில்லை.

இந்திய உதவியுடன் தோட்டங்களில் கட்டப்படும் வீடுகள் 550 சதுர அடியில் அமைகின்றன. முதலில் 4000, பிறகு இன்னும் 10,000 என்று ஒப்பந்தம். தேவையோடு பார்த்தால் இது கொஞ்சம்தான். ஆனால் அந்த வரைபடத்தில் இரண்டு படுக்கையறைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் கதவோடு.