சாம்பியனை ஏன் வெளியே உட்கார வைக்கிறீர்கள்?

எர்னி ஷேவர்ஸையும் சேம் லாங்ஃபோர்டையும் மோதவிட்டால் யார் ஜெயிப்பார்? ரான் லைலா, டேவிட் துவாவா? ஜெர்ரி கூனியின் இடது ஹூக்கை கிளீவ்லாந்து வில்லியம்ஸ் தாங்குவாரா? குத்துச்சண்டை பார்க்கும் நண்பர்கள் நாலு பேர் கூடினால் போதும், இந்த விளையாட்டு தொடங்கிவிடும். விதி எளிது. ஆள் ஹெவிவெயிட்டாக இருக்க வேண்டும், அடித்தால் எதிராளி விழ வேண்டும், உலகப் பட்டம் மட்டும் வாங்கியிருக்கக் கூடாது. அப்படி இரண்டு பேரைப் பிடித்து மனசுக்குள் ஒரு ரிங் கட்டி ஏற்றிவிட்டால், அப்புறம் விடிய விடிய வாக்குவாதம்தான்.

எனக்கு இந்த விளையாட்டோடு சண்டை இருக்கிறது. கற்பனை என்பதற்காக இல்லை. கற்பனை போதவில்லை என்பதற்காக.

முதலில், இந்தக் கேள்விகள் சிலவற்றுக்குக் கற்பனையே தேவையில்லை. ஷேவர்ஸா லைலா? 1975 செப்டம்பர் 13, டென்வர். இரண்டாவது சுற்றில் ஷேவர்ஸ் லைலை விழுத்தாட்டினார். லைல் எழுந்து நின்று ஆறாவது சுற்றில் ஷேவர்ஸை முடித்தார். துவாவா ஐக் இபியாபுச்சியா? 1997 ஜூன் 7, சாக்ரமெண்டோ. இரண்டு பேரும் சேர்ந்து பன்னிரண்டு சுற்றில் 1,730 குத்துகள் வீசினார்கள். இபியாபுச்சி புள்ளிகளில் வென்றார். லைலா கூனியா? 1980 அக்டோபரில் கூனி முதல் சுற்றிலேயே லைலை வீழ்த்தினார். ஆனால் அன்று லைலுக்கு 39 வயது, கூனிக்கு 24. அப்படியென்றால் “லைல் ஜெயிப்பாரா” என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்கிறேன்: எந்த வருஷத்து லைல்?

இந்தக் கேள்விதான் விளையாட்டைக் கெடுக்கும். ஏனென்றால் ‘பட்டம் வாங்காதவர்கள்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவைத்தவர்கள் ஒரே ரகம் இல்லை என்பது அப்போதுதான் தெரியவரும்.

ஷேவர்ஸுக்கு வாய்ப்பு வந்தது. ஒன்றல்ல, இரண்டு. 1977இல் முகம்மது அலியோடு பதினைந்து சுற்று ஆடி, புள்ளிகளில் தோற்றார். 1979இல் லேரி ஹோம்ஸை ஏழாவது சுற்றில் தரையில் கிடத்தினார். ஹோம்ஸ் எப்படியோ எழுந்துவிட்டார். பதினோராவது சுற்றில் ஷேவர்ஸின் கதை முடிந்தது. 68 நாக்அவுட் கணக்கில் வைத்திருந்தவருக்கு அந்த ஒரு நாக்அவுட் கிடைக்கவில்லை. கூனி 1982இல் அதே ஹோம்ஸிடம் பதின்மூன்றாவது சுற்றில் தோற்றார். துவா 2000இல் லெனக்ஸ் லூயிஸிடம் தோற்றார். இவர்களைப் பார்த்து ‘அடடா, கொஞ்சத்தில் தவறவிட்டாரே’ என்று வருத்தப்படலாம். நானும் படுவேன். துவா 1996இல் பத்தொன்பதே வினாடியில் சாய்த்த ஜான் ரூயிஸ் பிறகு உலகப் பட்டம் வாங்கினார், துவா வாங்கவில்லை என்பதை நினைத்தால் எவனுக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் கதவு திறந்திருந்தது. உள்ளே போய்த் தோற்றவர்கள் இவர்கள்.

கிளீவ்லாந்து வில்லியம்ஸ் கதை வேறு. 1964 நவம்பரில் டெக்சாஸில் நெடுஞ்சாலைப் போலீஸ்காரர் ஒருவரின் துப்பாக்கிக் குண்டு அவர் வயிற்றில் பாய்ந்தது. பல அறுவை சிகிச்சைகள், ஒரு சிறுநீரகம் போனது. இரண்டு வருஷத்தில் அதே உடம்போடு ஹூஸ்டன் அரங்கில் அலியின் முன்னால் நின்றார். மூன்றாவது சுற்றில் முடிந்தது. அலி ஆடிய ஆட்டங்களிலேயே அழகானது அதுதான் என்று இன்றைக்கும் சிலாகிக்கிறார்கள். எதிரே நின்றவர் வயிற்றில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று யாரும் நிறுத்திப் பேசுவதில்லை. குண்டுக்கு முன்பும் வில்லியம்ஸ் வெல்ல முடியாதவர் இல்லை. சோனி லிஸ்டன் அவரை இரண்டு தடவை நாக்அவுட் செய்திருக்கிறார். ஆனால் அந்தத் தோல்விகளை ஒரு குத்துச்சண்டைக்காரன் கொடுத்தான். கடைசி அடியைக் கொடுத்தது வேறு ஆள்.

லைல் கொலைக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனவர். அவரை அப்பாவி என்று நான் சொல்ல வரவில்லை. குத்துச்சண்டையை உள்ளேதான் கற்றார். முப்பது வயதில்தான் தொழில்முறை வீரரானார். 1975 மே 16ஆம் தேதி அலியோடு மோதியபோது பத்து சுற்றுவரை புள்ளிகளில் முன்னால் இருந்தவர் லைல்தான். பதினோராவதில் நடுவர் நிறுத்தினார். அலியின் அடுத்த சண்டை எங்கே தெரியுமா? ஆறு வாரம் கழித்து, நம் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில், ஜோ பக்னரோடு. அந்தச் சண்டையை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் பேசுகிறார்கள். அதற்கு முந்தைய சண்டையில் அலியைத் திணறடித்தவர் பெயர் யார் வாயிலும் வருவதில்லை. அதே லைல் 1977இல் பக்னரையும் வென்றார்.

இனி மூன்றாவது ரகம். என் கோபம் இங்கேதான் இருக்கிறது.

சேம் லாங்ஃபோர்ட் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்த கறுப்பின வீரர். உயரம் சுமார் ஐந்தடி ஏழு அங்குலம். தன்னைவிட ஒரு தலை உயரமானவர்களைப் படுக்க வைத்தவர். 1906இல் ஜேக் ஜான்சனிடம் பதினைந்து சுற்றில் தோற்றார். 1908இல் ஜான்சன் உலகின் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அதன்பிறகு லாங்ஃபோர்டுக்கு அவர் ஒரு வாய்ப்பும் தரவில்லை. கறுப்பரே கறுப்பருக்குக் கதவைச் சாத்தினார் என்று இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. வெள்ளையரோடு மோதினால்தான் கூட்டமும் காசும் வரும் என்ற சந்தையை ஜான்சன் உருவாக்கவில்லை; அதற்குள் பிழைக்கக் கற்றுக்கொண்டார். அதற்காக அவரை நான் மன்னிக்கவும் இல்லை.

1915இல் ஜான்சன் பட்டத்தை இழந்தார். அதிலிருந்து 1937இல் ஜோ லூயிஸ் ரிங் ஏறும்வரை இருபத்திரண்டு வருஷம் ஒரு கறுப்பினத்தவருக்குக்கூட ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு கொடுக்கப்படவில்லை. நியூ ஆர்லியன்ஸ்காரர் ஹேரி வில்ஸ் அந்தக் காலத்தில்தான் வரிசையில் நின்றார். அப்போதைய சாம்பியன் ஜேக் டெம்ப்ஸி. 1922இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. சண்டை நடக்கவில்லை. 1925இல் இன்னொரு ஒப்பந்தம். அதுவும் நடக்கவில்லை. 1926இல் டெம்ப்ஸி பட்டத்தை இழந்தபோது வில்ஸுக்கு வயது முப்பத்தேழு.

சரி, லாங்ஃபோர்டும் வில்ஸும் அதுவரை என்ன செய்தார்கள்? ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். அவர்கள் இருவரும் பதினைந்து தடவைக்கு மேல் மோதியிருக்கிறார்கள். ஜோ ஜெனட், சேம் மெக்வே என்ற மற்ற இரண்டு கறுப்பின வீரர்களோடும் லாங்ஃபோர்ட் திரும்பத் திரும்ப மோதினார். வேறு வழியில்லை. பெரிய சண்டைகள் மூடப்பட்டிருந்தன, வயிறு மூடியிருக்கவில்லை. இந்த நாலு பேரும் இவர்களுக்குள்ளேயே எலும்பை உடைத்துக்கொண்டிருக்க, சாம்பியன் வெளியே பத்திரமாக உட்கார்ந்திருந்தார்.

இப்போது நம் விளையாட்டைப் பாருங்கள். பட்டமில்லாத ஒருவரையும் பட்டமில்லாத இன்னொருவரையும் பிடித்து மோதவிடுகிறோம். சாம்பியனைக் கூப்பிடுவதே இல்லை. அன்றைய போட்டி ஏற்பாட்டாளர்கள் காசுக்குச் செய்ததை நாம் காசு வாங்காமல் செய்கிறோம்.

“விளையாட்டுக்குத்தான்லா, எதுக்கு அரசியலைக் கொண்டு வர்றே?” என்பார்கள். நான் கொண்டுவரவில்லை. லாங்ஃபோர்ட் ஏன் இந்தப் பட்டியலில் இருக்கிறார் என்று ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அவர் வந்த வழியிலேயே அரசியலும் வந்து நிற்கும். அதை வெளியே தள்ளினால் அவரையும் வெளியே தள்ள வேண்டியதுதான்.

இன்னொரு வாதம் உண்டு, அது கொஞ்சம் பலமானது. இந்த விளையாட்டு இல்லாவிட்டால் லாங்ஃபோர்ட் பெயர் யாருக்குத் தெரியும்? நியாயம்தான். ஆனால் என்ன பெயரில் தெரிகிறது? ‘பட்டம் வாங்காத பலசாலி’ என்று. இலக்கியம் படிக்கிற நமக்கு எழுவாய் எது, பயனிலை எது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ‘வாங்காதவர்’ என்றால் குறை அவர் கையில். ‘கொடுக்கப்படாதவர்’ என்றால் உடனே அடுத்த கேள்வி வரும்: கொடுக்காதவன் யார்? அந்தக் கேள்வி வராமலிருக்கத்தான் ‘துரதிர்ஷ்டசாலி’ என்ற சொல்லைக் கண்டுபிடித்திருக்கிறோம். ஷேவர்ஸுக்கு அந்தச் சொல் பொருந்தும். அன்று ஹோம்ஸ் எழாமல் இருந்திருக்கலாம். வில்ஸுக்குப் பொருந்தாது. இரண்டு ஒப்பந்தம் போட்டு இரண்டையும் நடக்கவிடாதது அதிர்ஷ்டத்தின் வேலை இல்லை.

லாங்ஃபோர்டின் கண்பார்வை மங்கிய பிறகும் அவர் மோதிக்கொண்டிருந்தார். 1944இல் ஆல் லேனி என்ற பத்திரிகையாளர் நியூயார்க் ஹார்லெமில் அவரைத் தேடிக் கண்டுபிடித்தபோது முழுக்கப் பார்வை போய், கையில் காசில்லாமல் ஓர் அறையில் இருந்தார். கட்டுரை வந்தபிறகு வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். 1956இல் இறந்தார். எதிராளிக்காக இன்னொரு பட்டமில்லாதவரைத் தேடி அவர் முன்னால் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

விளையாடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஷேவர்ஸையும் துவாவையும் மோதவிடுங்கள், நானும் வந்து கத்துகிறேன். ஆனால் லாங்ஃபோர்டையோ வில்ஸையோ ரிங்கில் ஏற்றினால், எதிர் மூலைக்கு அன்றைய சாம்பியனைக் கூப்பிடுங்கள். 1910, லாங்ஃபோர்டும் ஜான்சனும். 1922, வில்ஸும் டெம்ப்ஸியும். யார் ஜெயித்திருப்பார்கள்? வில்ஸ் தோற்றே போயிருக்கலாம், டெம்ப்ஸி சாதாரண ஆள் இல்லை. தோற்கிற உரிமையும் அவரிடமிருந்து பிடுங்கப்பட்டதுதானே?